லூப்பரில் மெமரிகளை அடுக்குவது எப்படி: மேடைக்குப் புதியவர்களுக்கு

வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் கருவிதான் லூப்பர். அது கைக்கு வந்த புதிதில் கண்ணில் பட்ட மெமரியில் (எண்ணிட்ட சேமிப்பிடம்) எல்லாம் எதையாவது பதிந்துவைப்போம். வீட்டில் அதனால் நட்டமில்லை. திருவிழா மேடையில் அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொல்லி முடித்ததும், ஐந்தாறு வினாடிக்குள் சரியான மெமரி திரையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் 47-ஆம் எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க முடியாது. முழுப் பெட்டியையும் ஒருமுறை ஒழுங்காக அடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். இந்தக் கட்டுரை அந்த ஒரு மதியத்துக்கானது.

எடுத்துக்காட்டுகளை பாஸ் நிறுவனத்தின் ஆர்சி-505 லூப் ஸ்டேஷனை வைத்தே சொல்கிறோம். ஐந்து டிராக் (தனித்தனியாகப் பதிந்து ஒன்றாக ஓடவிடும் தடங்கள்), 99 மெமரி. காலால் இயக்கும் ஆர்சி-5, ஆர்சி-500, ஆர்சி-600 ஆகியவற்றிலும் 99 மெமரிதான். டிராக் எண்ணிக்கை மாறும், அடுக்கும் முறை மாறாது. மெமரியே இல்லாத சின்ன ஒற்றைப் பெடல் வைத்திருப்பவர்களுக்குத் தாளக் கணக்கும் மின்சாரம் பற்றிய பகுதியும் உதவும்.

வெறும் மெமரி, நிறை மெமரி

ஒரு மெமரிக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, நீங்கள் பதிந்த ஒலி. இன்னொன்று, அந்த ஒலி எப்படி ஓட வேண்டும் என்ற செட்டிங்: டெம்போ, தாளம், எத்தனை பார் (4/4-இல் நான்கு அடி ஒரு பார்), ஒவ்வொரு டிராக்கின் சத்தம், ஸ்டாப் அழுத்தினால் சட்டென்று நிற்பதா மெல்லத் தேய்வதா, எந்த எஃபெக்ட் ஆன், எது ஆஃப்.

மேடையிலேயே அடுக்கடுக்காகப் பதிந்து வாசிப்பவருக்கு ஒலியே இல்லாமல் செட்டிங் மட்டும் உள்ள மெமரி வேண்டும். அதை வெறும் மெமரி என்று வைத்துக்கொள்வோம். கோரஸ், தாளக்கட்டு, சுருதி ஆகியவற்றை முன்கூட்டியே பதிந்து கொண்டுபோகிறவருக்கு வேண்டியது நிறை மெமரி. இரண்டையும் கலக்காதீர்கள். புதியவர்களிடம் நாங்கள் பார்க்கும் பெரும்பாலான மேடைக் கோளாறு இதில்தான் பிறக்கிறது. வெறும் மெமரியில் பயிற்சி செய்வார்கள், நன்றாக வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் சேமிக்கும் ரைட் (WRITE) பட்டனை அழுத்திவிடுவார்கள். அடுத்த வாரம் மேடையில் அதே மெமரியை எடுத்து டிராக் பட்டனைத் தட்டினால், சிவப்பு விளக்கு எரிந்து பதிவு தொடங்குவதற்குப் பதில் பச்சை எரிந்து போன வாரத்துப் பயிற்சி ஸ்பீக்கரில் வரும்.

வெறும் மெமரியை ஒருமுறை சரியாக அமைத்துச் சேமித்த பிறகு, அதில் ரைட் பட்டனை மறுபடி தொடவே வேண்டாம். வாசித்து முடித்ததும் வேறு மெமரிக்குப் போய்த் திரும்பினால் அது தானாகவே வெறுமையாகிவிடும். சேமிக்காத ஒலி மெமரி மாறும்போதே போய்விடுவது மற்ற நேரங்களில் ஆபத்து; இங்கே அதுவே உதவி.

எல்லா மெமரியிலும் ஒரே பட்டனுக்கு ஒரே வேலை

அடுக்குவதில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. ஒரு பாட்டில் மூன்றாம் டிராக்கில் பேஸ், அடுத்த பாட்டில் மூன்றாம் டிராக்கில் கோரஸ் என்று இருந்தால் கை ஒருநாளும் பழகாது. எங்கள் பங்கீடு இது:

1 – தாளம். காஹோன் (கையால் தட்டும் பெட்டி), வாய்த்தாளம், கிட்டார் உடம்பில் தட்டுவது, எதுவானாலும் இங்கேதான்.
2 – பேஸ்.
3 – கார்ட்ஸ், கிட்டாரோ கீபோர்டோ.
4 – குரல், கோரஸ்.
5 – சுருதி, அல்லது காலி.

உங்களுக்கு வேறு வரிசை வசதியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 99 மெமரியிலும் அது ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு பாட்டில் பேஸ் இல்லையா? இரண்டாம் டிராக்கைக் காலியாக விடுங்கள். மற்றதை முன்னே இழுத்து நிரப்ப வேண்டாம்.

அச்சு மெமரி செய்வது

99 மெமரியையும் தனித்தனியாக செட் செய்யத் தேவையில்லை. ஒரே ஒரு மெமரியைப் பொறுமையாகச் செய்து, அதிலிருந்து படி எடுத்துக்கொண்டே போகலாம்.

முதலில் ஒரு காலி மெமரியை எடுத்து 4/4, டெம்போ 96 என்று வையுங்கள். பின்பு டிராக் டிராக்காக வாருங்கள். ஒன்றாம் டிராக்கின் மெஷரை (பார் எண்ணிக்கையை) 4 என்று நிலைப்படுத்துங்கள். நான்கு பார் முடிந்ததும் பதிவு தானே லூப்பாக மூடிக்கொள்ளும். ஸ்டாப் மோடு தாளத்துக்கு உடனடி, கார்ட்ஸுக்கும் கோரஸுக்கும் ஃபேட். பட்டனைச் சற்று முன்பின் தட்டினாலும் தாளத்தோடு ஒட்டவைக்கும் குவான்டைஸ் ஆன். பதிந்து முடித்ததும் ஓவர்டப்புக்கு (மேலே மேலே பதிவது) போவதா, பிளேக்குப் போவதா என்று ஒரு செட்டிங் இருக்கும். புதியவர்கள் பிளே என்றே வைக்கலாம். ஓவர்டப்பில் இருந்தால், லூப் மூடிய பிறகு மைக்கில் விழும் இருமலும் பேச்சும் மேலே பதிந்து, சுற்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கேட்கும். எஃபெக்ட் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுச் சேமியுங்கள். ஆன் நிலையிலேயே சேமித்தால் அந்த நிலையும் கூடவே பதியும். வணக்கம் சொல்ல வாய் திறக்கும்போது ஆக்டேவ் இறங்கிய குரல் வெளியே போகும்.

இப்போது ரைட் அழுத்துங்கள். எந்த எண்ணில் சேமிக்க என்று கேட்கும். எண்ணை மாற்றி மறுபடி ரைட் அழுத்தினால் அந்த எண்ணில் ஒரு படி விழும். படியில் தாளத்தை மட்டும் மாற்றிச் சேமித்தால் அடுத்த அச்சு தயார். 4/4, 3/4, 6/8, 5/8, 7/8, தாளக்கட்டு இல்லாத ஒன்று என ஆறு அச்சு இருந்தால் நம் ஊர்க் கச்சேரி எதற்கும் பஞ்சம் வராது.

கருவி சேமித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அடாப்டரைப் பிடுங்காதீர்கள். அந்த மெமரி மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மொத்தச் சேமிப்பும் கெட வாய்ப்பிருக்கிறது.

தாளக் கணக்கு

டெம்போ 96 என்றால் ஒரு அடிக்கு 60-ஐ 96-ஆல் வகுத்த 0.625 வினாடி. 4/4-இல் நான்கு பாருக்கு 16 அடி, சரியாக 10 வினாடி. மெஷரை நிலைப்படுத்தாமல் காலால் மூடுகிறீர்கள், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகிவிட்டது என்று வையுங்கள். லூப் 10.1 வினாடி ஆகும், டெம்போ 95-க்கு இறங்கும். தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் கீபோர்டுக்காரர் 96-இல் ரிதம் போட்டிருந்தால், பத்துச் சுற்றில் ஒரு முழு வினாடி பிந்திவிடுவீர்கள். ஒன்றரை அடிக்கும் மேல். மெஷரை நிலைப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் (எண்ணிக்கை), அதாவது 4/4-இல் இரண்டு பார். ஆகவே லூப்பின் பார் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கட்டும். மூன்று பாரில் மூடினால் இரண்டாம் சுற்றிலேயே சமம் (தாளம் தொடங்கும் முதல் அடி) இடம் மாறிவிடும். ரூபகத்துக்கு 3/4, கண்ட சாபுக்கு 5/8, மிஸ்ர சாபுக்கு 7/8. 6/8-இல் ஒரு குழப்பம் உண்டு: திரையில் காட்டும் டெம்போ எண் எந்த அடியைக் குறிக்கிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடலாம். நான்கு பார் ஓடவிட்டு போன் ஸ்டாப்வாட்சில் அளந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலிருந்து தள்ளி இருக்கும் பாட்டுகளில் தவறு அதிகம் நடக்கிறது. பல்லவி ஒன்றரை அட்சரம் கழித்து எழும்பும். பாடகர் வாய் திறக்கும் இடத்தில் புதியவர்கள் பட்டனை அமுக்குவார்கள். லூப்பின் தொடக்கம் எப்போதும் சமத்தில் இருக்க வேண்டும், சாகித்தியத்தில் அல்ல. சமத்தில் அமுக்கி, எடுப்பு வரைக்கும் உள்ள மௌனத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.

வில்லுப்பாட்டுக் குழுவோடு லூப்பர் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று. கதை சூடு பிடிக்கப் பிடிக்க உடுக்கையும் குடமும் வேகம் எடுக்கும். புலவர் இழுத்த இழுப்புக்கு எல்லோரும் போவார்கள். நிலையான டெம்போவில் பூட்டிய தாள லூப் அங்கே குறுக்கே நிற்கும். தாளக்கட்டு இல்லாத அச்சை எடுத்து, சுருதி மட்டும் ஓடவிடுங்கள். மனிதர் கையில் இருக்கும் தாளம் அங்கேயே இருக்கட்டும்.

சுருதி டிராக்

ஐந்தாம் டிராக்கில், மற்ற டிராக்குகளின் சுற்றோடு சேர்த்துக்கட்டும் லூப் சிங்கும், டெம்போவோடு கட்டும் டெம்போ சிங்கும் ஆஃப். டெம்போ சிங்க் ஆன் என்றால், டெம்போவை மாற்றும்போது கருவி சுருதியையும் இழுத்து நீட்டும். தம்புராவின் நாதம் கரகரக்கும். முப்பது வினாடிக்குக் குறையாமல் பதியுங்கள். முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் டிக் என்று ஒரு சத்தம் விழும். லூப் மூடியதும் ஓவர்டப்பில் மேலும் நாலைந்து வினாடி சுருதியைத் தொடரவிட்டு, மெல்லக் குறைத்து எடுத்தால் அந்த ஒட்டு மறையும்.

ஆல் ஸ்டாப் அழுத்தினால் சுருதியும் சேர்ந்து நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் சுருதி தொடர வேண்டிய கச்சேரியில் மற்ற டிராக்குகளைத் தனித்தனியாக நிறுத்துங்கள்.

பன்னிரண்டு எழுத்தில் பெயர்

505-இல் மெமரியின் பெயருக்கு 12 இடம். அதை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாட்டுக்கு 5, ஓர் இடைவெளி, சுருதிக்கு 2, ஓர் இடைவெளி, டெம்போவுக்கு 3. சரியாகப் பன்னிரண்டு. பாட்டின் பெயர் முதலில் வரட்டும், இருட்டில் கண் தேடுவது அதைத்தான். ஆங்கில எழுத்தில் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு மெய்களை மட்டும் எழுதினால் எந்தப் பாட்டும் ஐந்தில் அடங்கும். டெம்போ 96 ஆனாலும் 096 என்று மூன்று இலக்கமாகவே எழுதுங்கள். எல்லாப் பெயரிலும் எண் ஒரே இடத்தில் நின்றால் பார்த்தவுடன் பிடிபடும்.

நம் பாடகர்கள் சுருதியைக் கட்டையில்தான் சொல்வார்கள். கருவியில் மேற்கத்திய எழுத்து. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எல்லாம் ஷார்ப். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கருவியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். ஒரே பாட்டை ஆண் ஒரு கட்டையிலும் பெண் ஐந்து கட்டையிலும் பாடுவார்கள் என்றால், நிறை மெமரியை இரண்டாகப் பதிந்து அடுத்தடுத்த எண்ணில் வையுங்கள்.

பல்லவி ஒரு டிராக், சரணம் ஒரு டிராக் என மாறி மாறி ஒலிக்க சிங்கிள் மோடில் வைத்த மெமரி ஏதாவது இருந்தால், டெம்போவுக்கு முன் உள்ள இடைவெளியில் ஒரு சிறு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும், ஒரு டிராக் தொடங்கினால் மற்றது நிற்கும் என்பது நினைவுக்கு வந்துவிடும்.

எண்களைப் பங்கிடுவது

01 முதல் 20 வரை இன்றைய மேடை. 21 முதல் 29 வரை, கேட்டால் போட வேண்டிய உபரிப் பாட்டுகள். 31 முதல் 39 வரை அச்சுகள். 41 முதல் 89 வரை கிடங்கு. ஆலயப் பாட்டு, கோயில் கொடைவிழாப் பாட்டு, ரிசப்ஷன் பாட்டு என்று பிரித்துக்கொள்ளலாம். 90-களில் முதல் எட்டு பயிற்சிக்கு. 99-இல் ஐந்து கட்டைச் சுருதி மட்டும். எல்லாம் குழம்பினால் ஓடிப்போய் நிற்க ஓர் இடம்.

கிடங்கில் இருப்பதை இன்றைய மேடைக்கு இடம் மாற்றாதீர்கள், படி எடுங்கள். மேடையில் எதையாவது கெடுத்தாலும் கிடங்குப் படி அப்படியே இருக்கும். இடம் போதுமா என்ற சந்தேகம் வரும். முதல் 505-இல் மொத்தம் ஏறத்தாழ 3 மணி நேரம் பதியலாம், அதாவது 10,800 வினாடி. 20 வினாடி லூப் ஐந்து டிராக்கிலும் இருந்தால் ஒரு மெமரிக்கு 100 வினாடி; நூறு மெமரிக்குமேல் தாங்கும். முழுப் பாட்டு மைனஸ் டிராக்கை (பாடகர் குரல் இல்லாத இசைப்பதிவு) நாலு நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஏற்றுகிறவர்களுக்குத்தான் இடம் தட்டும். பின்னால் வந்த மார்க் 2-இலும் ஆர்சி-5-இலும் ஏறத்தாழ 13 மணி நேரம் கிடைக்கிறது.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையில் டிசம்பர் கேரல் ஆராதனை என்று வையுங்கள். பன்னிரண்டு பாட்டு, தமிழ், நடுவில் இரண்டு மலையாளம், கடைசியில் ஓர் ஆங்கிலப் பாட்டு. அதே வரிசையில் 01 முதல் 12 வரை. இடையில் காலி எண் விட வேண்டாம். பெடலால் ஒவ்வொன்றாக முன்னே போகும்போது காலி மெமரி வந்தால் நீங்கள்தான் தடுமாறுவீர்கள். மெமரி நகரும் எல்லையைக் கட்டும் செட்டிங் உங்கள் கருவியில் இருந்தால் 01–29 என்று கட்டிவிடுங்கள். கால் தவறி அச்சுக்கோ கிடங்குக்கோ போகாது. ஆறாவது பாட்டை எட்டாவதாக மாற்றச் சொல்லி பாட்டுத்தலைவர் கடைசி நிமிடத்தில் வருவார், அது வழக்கம். அப்போது கருவியில் எதையும் மாற்றாதீர்கள். எண்ணோடு எழுதிய பாட்டுச் சீட்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் எண்ணைத் தேடிப் போங்கள்.

பாட்டு ஓடும்போதே மெமரியை மாற்றினால் சில கருவிகளில் ஒலி சட்டென்று அறுந்துவிடும், சிலவற்றில் லூப் முடிந்து அடுத்ததற்குத் தாவும். உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே பாருங்கள். அறுபடும் ரகம் என்றால் அந்த இரண்டு வினாடியைக் கீபோர்டு ஒரு கார்டைப் பிடித்து நிரப்பட்டும்.

சத்தம் சமம் ஆக்குவது

தனித்தனி நாளில் பதிந்த மெமரிகள் ஒன்று போல ஒலிக்காது. வரிசையை முடித்ததும், ஹெட்ஃபோனின் வால்யூமைத் தொடாமல் 01 முதல் ஒவ்வொன்றாகப் பத்து வினாடி ஓடவிட்டுக் கேளுங்கள். நடுவாந்தரமான ஒன்றை அளவுகோலாக எடுத்துக்கொண்டு மற்றவற்றின் லெவலைக் கூட்டிக் குறைத்துச் சேமியுங்கள். பதிவின் ஒலியே கரகரத்திருந்தால் லெவலைக் குறைத்துப் பயனில்லை, மறுபடி பதிய வேண்டியதுதான்.

505 போல ஃபேடர் உள்ள கருவிகளில் சேமித்த அளவு ஓர் இடத்திலும் ஃபேடர் வேறோர் இடத்திலும் நிற்கும். தொட்டதும் சத்தம் குதிக்கும். பாட்டு தொடங்குமுன் ஃபேடர்களைப் பழகிய ஓர் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மெட்ரோனோம் ஹெட்ஃபோனுக்கு மட்டும் போகும்படி செட்டிங்கில் மாற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். சவுண்ட் செக்கில் "அண்ணே, உங்க லைன்ல டிக் டிக்குன்னு ஒண்ணு வருது" என்று ஆப்பரேட்டர் சொன்னால் அதுதான்.

மேடையில் தவறினால்

டிராக்கின் ஸ்டாப் பட்டனை இரண்டு வினாடி அழுத்திப் பிடித்தால் அந்த டிராக் அழிந்துவிடும். பதற்றத்தில் இது அடிக்கடி நடக்கும். நிறை மெமரி என்றால் பயப்பட வேண்டாம். ரைட்டைத் தொடாமல் அடுத்த எண்ணுக்குப் போய்த் திரும்புங்கள். சேமித்த பதிவு திரும்ப வந்துவிடும். டெம்போ தானே மாறுகிறது என்றால் கீபோர்டிலிருந்து மிடி (இசைக்கருவிகளை இணைக்கும் வழி) அல்லது யூஎஸ்பி வழியாக கிளாக் (டெம்போ சமிக்ஞை) வருகிறதா என்று பாருங்கள். சிங்க் செட்டிங்கை இன்டர்னல் என்று மாற்றினால் நிற்கும்.

கொடை மேடைகளில் லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் அந்த ஒரு நொடியில் கருவி அணைந்து எழும். அப்போது பதிந்து சேமிக்காத எல்லாமும் போய்விடும். கருவிக்கு மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அடாப்டரில் இன்னும் கவனம்: பாஸ் கருவிகளுக்கு 9 வோல்ட், பின்னின் நடுப்பகுதி மைனஸ். பல கீபோர்டுகளின் அடாப்டர் 12 வோல்ட், நடுப்பகுதி பிளஸ். இரண்டும் ஒரே போர்டில் செருகிக் கிடக்கும். மாறிப் போனால் கருவி போய்விடும். உங்கள் அடாப்டரில் ஒரு சிவப்பு டேப் சுற்றிவையுங்கள். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் வாசித்துவிட்டு வந்தால் ஜாக் பின்களை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே பையில் போடுங்கள், உப்புக்காற்றில் பின் சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

கம்ப்யூட்டரில் ஒரு படி

யூஎஸ்பி கேபிளில் இணைத்து, கருவியை ஸ்டோரேஜ் மோடுக்கு மாற்றினால் பென்டிரைவ் போலத் திறக்கும். உள்ளே ரோலண்ட் என்ற ஃபோல்டர், அதற்குள் டேட்டா, வேவ் என்று இரண்டு. செட்டிங் எல்லாம் டேட்டாவில், ஒலி எல்லாம் வேவில். வேவுக்குள் 001_1, 001_2 என்று மெமரி எண்ணும் டிராக் எண்ணும் சேர்ந்த பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும். பெயரை மாற்றாமல், எதையும் பிரிக்காமல், ரோலண்ட் ஃபோல்டரை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் தேதியிட்ட ஒரு ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். வேவை மட்டும் எடுத்தால் ஒலி இருக்கும், செட்டிங் போயிருக்கும். வெளியே செய்த ஒலியை ஏற்றுவதென்றால் முதல் 505-க்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாக இருக்க வேண்டும். வீடியோவிலிருந்து எடுத்த ஒலி பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், மாற்றிவிட்டு ஏற்றுங்கள். இஜெக்ட் கொடுத்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள்.

நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா, டிசம்பர் முழுக்கக் கேரல், மார்கழியில் சுசீந்திரம், மாசியில் மண்டைக்காடு என்று நம் பக்கம் சீசன் விடாமல் வரும். ஒவ்வொன்றுக்கும் 01–20 முழுதாக மாறும். மாற்றுவதற்கு முந்தின இரவு ஒரு படி எடுத்துவைத்தால், அடுத்த வருடம் அதே திருவிழாவுக்கு அந்தத் தேதியிட்ட ஃபோல்டரைத் திரும்ப ஏற்றினால் போதும். ஏற்றுமுன் கருவியில் அப்போது இருப்பதையும் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். பழையது ஏறும்போது இப்போதுள்ளது அழிந்துவிடும்.